ஆய்வை நிறுத்தவிடாத சிறு உதவிகள்

பெண் குழந்தை பிறந்துவிட்டால் பெற்றவளைக் குறை சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. "முதலும் பெண், இரண்டாவதும் பெண்ணா?" என்று மருத்துவமனை வாசலிலேயே முகம் சுளிக்கும் மாமியார்கள் குறைந்திருக்கிறார்கள்; இல்லாமல் போய்விடவில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் தீர்மானிக்கப்படுகிறது, அதில் தாய்க்குப் பங்கில்லை என்று இன்று பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த உண்மையை 1905-ஆம் ஆண்டில் நுண்ணோக்கியில் கண்டு எழுதியவர் ஒரு பெண். பெயர் நெட்டி ஸ்டீவன்ஸ். அந்த ஆய்வை அவர் செய்து முடிக்க உதவியது பெருஞ்செல்வர் கட்டிக்கொடுத்த ஆய்வுக்கூடம் ஒன்றுமில்லை; சரியான வருடத்தில் வந்து சேர்ந்த சிறிய உதவித்தொகைகள்.

இந்த மாதப் பாடம் அப்படிப்பட்ட உதவிகளைப் பற்றியது. கல்லூரி, பல்கலைக்கழகங்களில் அறிவியலும் பொறியியலும் கற்பித்துக்கொண்டே ஆய்வும் செய்யும் பெண் ஆசிரியர்களுக்கு உலகின் சில இடங்களில் சிறு மானியங்கள் தரப்படுகின்றன. மகளைப் படிக்க வைக்க உதவித்தொகை தேடுவதில் நம் குடும்பங்கள் இப்போது நன்றாகத் தேறிவிட்டன. எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்தச் சான்றிதழ் என்று வாப்பாமார்களுக்கே மனப்பாடம். ஆனால் அவள் முனைவர் பட்டம் வாங்கி உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு உதவி என்ற பேச்சே எழுவதில்லை. "சம்பளம் வாங்குகிறாளே, இனி என்ன?" என்று நினைக்கிறோம். அவள் ஆய்வு நின்றுபோவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

மாவுப்புழுவும் ஓராண்டு நேரமும்

நெட்டி ஸ்டீவன்ஸ் 1861-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தார். பள்ளி ஆசிரியையாகவும் நூலகராகவும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்தச் சேமிப்பைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 35. அந்த வயதில் நம் பெண்கள் பலர் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். பிறகு பிரின் மார் என்ற மகளிர் கல்லூரியில் ஆய்வு மாணவியானார். அங்கே கிடைத்த ஒரு பயண உதவித்தொகையால் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள கடல் உயிரியல் நிலையத்துக்கும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகருக்கும் போய்வந்தார். 1903-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில், ஆனால் வாழ்க்கையை ஓட்டச் சம்பளம் வேண்டும். சம்பளம் வேண்டுமென்றால் நாள் முழுதும் வகுப்பெடுக்க வேண்டும். வகுப்பெடுத்தால் நுண்ணோக்கிக்கு முன் உட்கார நேரம் இல்லை. இந்த நிலையை மறைக்காமல் எழுதி அவர் வாஷிங்டனிலுள்ள கார்னெகி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். தாமஸ் மார்கன், எட்மண்ட் வில்சன் என்ற இரு பெரிய உயிரியல் அறிஞர்கள் அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். 1904-ஆம் ஆண்டு அவருக்கு ஓராண்டுக்கான ஆய்வு உதவி கிடைத்தது. அதாவது, ஓர் ஆண்டு நேரம்.

அந்த நேரத்தில் அவர் எடுத்துக்கொண்ட உயிரினங்களில் ஒன்று, பழைய மாவு மூட்டையில் நெளியும் மாவுப்புழு. பெண் வண்டின் உடல் செல்களில் பெரிய குரோமோசோம்கள் 20 இருந்தன. ஆணின் செல்களில் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. ஆகவே ஆணின் விந்தணுக்களில் பாதி 10 பெரிய குரோமோசோம்களைச் சுமந்து வந்தன. மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறியது ஒன்றும் இருந்தன. முட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி. எந்த விந்தணு முட்டையைச் சேர்கிறதோ அதைப் பொறுத்து ஆணோ பெண்ணோ பிறக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்று நாம் எக்ஸ், ஒய் என்று சொல்லும் குரோமோசோம் கதையின் தொடக்கம் இதுதான். அதே ஆண்டில் வில்சனும் தனியாக இதையொட்டிய முடிவுக்கு வந்திருந்தார். பல காலம் பாடநூல்களில் அவருடைய பெயர்தான் முன்னால் நின்றது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

அதே 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸுக்கு 1,000 டாலர் பரிசு ஒன்று வந்தது. அசுவினிப் பூச்சியின் இனச்செல்களைப் பற்றிய அவருடைய கட்டுரைக்கான பரிசு அது. தந்தவர்கள் யார் என்பதுதான் நம் பாடத்துக்கு முக்கியம்.

நேப்பிள்ஸ் கடல் நிலையத்தில் ஒரு நடைமுறை இருந்தது. ஒரு பல்கலைக்கழகமோ அரசாங்கமோ ஆண்டு வாடகை கட்டி அங்கே ஒரு "மேசை" எடுத்துக்கொள்ளும். மேசை என்றால் வெறும் பலகை இல்லை. உட்கார இடம், கண்ணாடிக் கலன்கள், ரசாயனங்கள், நூலகம், அதோடு காலையில் மீனவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் உயிருள்ள கடல் பிராணிகள், எல்லாம் சேர்ந்ததுதான் மேசை. பெண்களுக்கு அப்படி ஒரு மேசை கிடைப்பது அரிது. 1896-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கப் பெண்மணி ஐடா ஹைட், அங்கே வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியதும் இதற்கு வழி தேடினார். மகளிர் கல்லூரிகளும் தனி நபர்களும் ஆளுக்கு 50 டாலர் போட்டு ஆண்டுக்கு 500 டாலர் வாடகையில் பெண்களுக்கென்று ஒரு மேசையை எடுத்தார்கள். 1898-இல் அதற்காக ஒரு சங்கமே உருவானது. நெட்டி ஸ்டீவன்ஸுக்குப் பரிசு தந்ததும் அந்தச் சங்கம்தான்.

பத்துப் பேர் ஐம்பது ஐம்பதாகப் போட்டால் ஒரு மேசை. ஊர்ப் பள்ளிவாசல் கூரைக்கும் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் நாம் போடும் கணக்கு இதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை. வேறுபாடு, அந்தப் பணம் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பதில் இருக்கிறது. பசியாற்றவோ படிக்க வைக்கவோ அது திரட்டப்படவில்லை. ஏற்கனவே படித்து முடித்த, வேலையிலும் இருந்த ஒரு பெண் தன் ஆய்வைத் தொடர்வதற்காகத் திரட்டப்பட்டது.

நெட்டி ஸ்டீவன்ஸ் 1912-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கென்றே பிரின் மார் கல்லூரி ஓர் ஆய்வுப் பேராசிரியர் பதவியை உருவாக்கியிருந்தது. அதில் அமர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது.

அறுந்துபோகும் இடம் எது?

நூறு ஆண்டுகள் கழித்தும் சிக்கல் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. அறிவியல் ஆய்வு ஒரு சங்கிலி. ஆய்வுக் கட்டுரை இருந்தால்தான் பெரிய மானியம் கிடைக்கும். மானியம் இருந்தால்தான் மாணவரையும் உதவியாளரையும் வைத்துக்கொள்ள முடியும். அவர்கள் இருந்தால்தான் அடுத்த கட்டுரை வரும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் தொடர்ந்து அறும். செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் எட்டு மாதம் யாரும் கவனிக்காவிட்டால் அந்தச் செல்கள் செத்துவிடும். பழ ஈக்களைப் புதிய உணவுக் குப்பிகளுக்கு மாற்றாவிட்டால் பல ஆண்டு பாடுபட்டு உருவாக்கிய வகைகள் அழிந்துபோகும். களத்தில் பருவமழைத் தரவு எடுப்பவர் ஓர் ஆண்டு மழையைத் தவறவிட்டால் அது தவறியதுதான்.

புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு முதல் ஐந்தாறு ஆண்டுகளே கடுமையான காலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பதவி தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் ஆறாம் ஆண்டு வாக்கில்தான். பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு வரும் வயதும் அதுவே. கணவன் வீட்டுப் பெரியவர்கள் நோயில் விழுவதும் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. அவளுடைய திறமையில் குறை எதுவும் இருப்பதில்லை. மூன்று பெரிய வேலைகள் ஒரே ஐந்து ஆண்டுகளுக்குள் வந்து மோதுகின்றன, அவ்வளவுதான்.

பெரிய ஆய்வு மானியம் இதற்கு உதவாது. அதில் கருவி வாங்கலாம், ரசாயனம் வாங்கலாம். பேறுகால விடுப்பில் இருக்கும்போது செல்களைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் அந்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்காது. சிறு மானியம் இந்த இடத்துக்காகவே உருவானது. தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சங்கிலி அறுகிற மாதத்தில் வர வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 1997-இல் இப்படி ஒன்றைத் தொடங்கியது. பிள்ளை வளர்க்கும் வயதிலுள்ள இளம் பெண் ஆய்வாளர்களுக்கு, ஜேன் கிளாஃப்லின் என்பவரின் பெயரில், இரண்டு ஆண்டுக்கு ஆய்வக உதவியாளர் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பணம் கொடுத்தார்கள். அவள் வீட்டில் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலும் ஆய்வகத்தில் இன்னொருவர் கை நகர்ந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2001-இல் 'அட்வான்ஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியல், பொறியியல் துறைகளின் பெண் ஆசிரியர்கள் நிலைத்திருக்க என்ன மாற்றம் வேண்டும் என்று பல்கலைக்கழகங்களே கண்டறிந்து செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் பணம் பெற்ற பல்கலைக்கழகங்கள் சில, தங்களுக்குள்ளேயே சிறு மானியங்களை ஏற்படுத்திக்கொண்டன. மிச்சிகன் பல்கலைக்கழகம் அதற்கு எலிசபெத் கிராஸ்பி என்பவரின் பெயரைச் சூட்டியது. நரம்பியல் கட்டமைப்பை ஆராய்ந்த அவர், 1936-இல் அந்தப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியரானவர்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு எனக்கு இன்னும் பொருள் நிறைந்ததாகப் படுகிறது. அவர்கள் அதற்கு 'வாழ்க்கைச் சுழற்சி மானியம்' என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளைப்பேறு, பெற்றோரின் நோய், தனக்கே வந்த நோய், குடும்பத்தில் ஒரு பேரிழப்பு, இவற்றால் ஆய்வு தடைபடும் கட்டத்தில் உள்ள ஆசிரியர் விண்ணப்பிக்கலாம். பெண் ஆசிரியர்களின் நிலையைப் பார்த்துத்தான் இது தொடங்கியது. ஆனால் ஆண்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் அதே சிக்கல்தானே.

2005 முதல் இந்த மானியத்துக்குப் பணம் கொடுப்பது வில்லியம் விலாஸ் என்பவர் விட்டுச்சென்ற அறக்கட்டளை. வழக்கறிஞராகவும் அமெரிக்க அமைச்சராகவும் இருந்த அவர் 1908-இல் இறந்தார். தன் சொத்தைப் பல்கலைக்கழகத்தின் பயனுக்காக எழுதிவைத்துப் போனார். பிள்ளை பெற்ற பெண் பேராசிரியரின் ஆய்வகம் மூடாமலிருக்கத் தன் சொத்து பயன்படும் என்று அவர் நினைத்திருக்கவே முடியாது. வக்ஃபு சொத்தின் தன்மை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூலதனம் அப்படியே நிற்கிறது. விளைச்சல் அந்தந்தக் காலத்தின் தேவைக்குப் போகிறது.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் பணம்

கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பணியாற்றிய உயிரியல் அறிஞர். ஒரு சின்ன முட்டையிலிருந்து பழ ஈயின் தலை எங்கே, வால் எங்கே என்று எந்த மரபணுக்கள் முடிவு செய்கின்றன என்பதைக் கண்டதற்காக, 1995-இல் வேறு இருவருடன் சேர்ந்து மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 2004-இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. தன்னிடம் வேலை செய்த இளம் பெண்கள் தாய்மை அடைந்ததும் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

அவருடைய அறக்கட்டளை, குழந்தையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தது. தொடக்கத்தில் அது 400 யூரோ. கருவி வாங்கவோ பயணம் போகவோ அந்தப் பணத்தைத் தரவில்லை. வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஆய்வகத்தில் தங்க வேண்டிய நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூட வாங்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: பகல் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்கனவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். காப்பகக் கட்டணத்துக்கு இந்தப் பணத்தை மாற்றிக்கொள்ள முடியாது. காப்பகம் குடும்பமும் அரசும் கவனிக்க வேண்டியது; இந்தப் பணம் அதற்கு மேல் அவளுக்குக் கூடுதலாக நேரம் வாங்கிக் கொடுப்பதற்கு.

அறிவியல் உதவி என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் பணம் கொடுப்பதா என்று முதலில் கேட்கத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் கேள்வி அடங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாத்திரம், துணி, தரை என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 14 மணி நேரம். ஒரு கட்டுரையைத் திருத்தி அனுப்பவும், ஒரு மாணவரின் தரவைச் சரிபார்க்கவும், அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுதவும் அந்த 14 மணி நேரம் போதும். பத்து ஆண்டுகள் படித்துப் பெற்ற திறமையை, கூலிக்கு ஆள் கிடைக்கும் வேலையில் முடக்குவதுதான் வீண்செலவு.

இதில் ஒரு மறுப்பும் இருக்கிறது. வீட்டு வேலைக்கான பணத்தைப் பெண்ணுக்கே கொடுப்பதால், வீட்டு வேலை அவளுடைய பொறுப்பு என்பதை நாமும் ஒத்துக்கொண்டதாகிவிடாதா? ஓரளவு ஆகத்தான் செய்கிறது. கணவர் தன் பங்கைச் செய்தால் இதில் பாதிப் பணம் தேவைப்படாது. ஆனால் குடும்பங்கள் திருந்தும்வரை அந்தப் பெண்ணின் ஆய்வு காத்திருக்காது என்பதால், இந்த விஷயத்தில் நான் அந்த அம்மையாரின் பக்கம்தான்.

விட்டவர் திரும்பி வர

எல்லோருக்கும் அந்த மாதத்தில் உதவி கிடைத்துவிடுவதில்லை. வேலையை விட்டு மூன்று, ஐந்து, எட்டு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டவர்கள் ஏராளம். பிரிட்டனில் டாப்னி ஜாக்சன் என்ற அணுக்கரு இயற்பியலாளர் இவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். 1971-இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகி, அந்த நாட்டின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியர் என்ற பெயர் பெற்றவர். 1985-இல் அவர் தொடங்கிய திட்டம் எளிமையானது. குடும்பத்துக்காகவோ நோயினாலோ குறைந்தது இரண்டு ஆண்டு ஆய்வை விட்டவருக்கு, ஒரு பல்கலைக்கழகத்தில் அரை நேர வேலையாக இரண்டு ஆண்டு ஆய்வு, கூடவே மறுபயிற்சி. அவர் 1991-இல் இறந்த பிறகு, 1992-இல் அவர் பெயரிலேயே அறக்கட்டளை அமைந்து இன்றும் நடக்கிறது. அரை நேரம் என்பதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்குத் தாயும் வீட்டில் இருக்கலாம்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. இடைவெளி விட்டவர்கள் ஆய்வுக்குத் திரும்பவும், சமூகப் பயனுள்ள தொழில்நுட்பத்தில் இறங்கவும், காப்புரிமைப் பணியில் ஓராண்டுப் பயிற்சி பெறவும் அதில் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. காப்புரிமைப் பயிற்சி பெற்றவர்கள் வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலைக்குத் தகுதி பெறுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2011-இல் 'பயோகேர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த 'பவர்' திட்டம் பணியிலிருக்கும் பெண் ஆய்வாளர்களுக்கானது. அதன் ஆய்வு விருது, சம்பளத்துக்கு மேல் மாதம் 15,000 ரூபாயும் மூன்று ஆண்டுக்கு ஆய்வுச் செலவும் தருவதாக அறிவிக்கப்பட்டது. அதை நடத்திய வாரியம் பின்னர் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோடு இணைந்துவிட்டது. இத்திட்டங்களின் பெயரும் விதியும் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். பழைய தகவலை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஏமாறக் கூடாது.

இன்னும் முனைவர் பட்ட ஆய்விலேயே இருக்கும் பெண்களுக்கு ஒரு செய்தி. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி பெண்களுக்கு ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் உண்டு. பேறுகாலத்துக்கோ பிள்ளை வளர்ப்புக்கோ 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இதைக் கேட்காமலேயே பதிவை ரத்து செய்துவிட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். கேட்பது உரிமை.

நம் பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் சுயநிதிக் கல்லூரிகள் வேறு கதை. அங்கே வகுப்புச் சுமை அதிகம், ஆய்வுக்கென்று நேரமும் இல்லை. அரசுத் திட்டங்களின் பெரிய படிவங்களை நிரப்பவே அவர்களுக்கு ஒரு விடுமுறை தேவைப்படும். உள்ளூர் அறக்கட்டளைகள் செய்யக்கூடிய உதவிக்கு இடம் இருப்பது இங்கேதான்.

பணம் தொடாத இடம்

சிறு மானியத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் தன் மீன் தொட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எல்லோருடைய ஆய்வகங்களையும் தானே அளந்தார். தன்னைவிட இளைய ஆண்களுக்கும் தன்னைவிட அதிக இடம் கொடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 1994-இல் அங்கே அறிவியல் துறைகளில் நிரந்தரப் பதவியிலிருந்த ஆண்கள் ஏறத்தாழ 200 பேர். பெண்கள் 15 பேர். அந்தப் பெண்கள் ஒன்றுகூடிக் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். இடம், சம்பளம், பொறுப்புகள் என்று பலவற்றில் பாகுபாடு இருந்ததை 1999-இல் வெளியான அறிக்கை சொன்னது. கழகத்தின் தலைவரே அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். இடத்தைப் பறித்துக்கொண்டு கையில் சிறு மானியத்தைக் கொடுப்பது நியாயமாகாது. அந்த அளவுநாடாவின் வேலை தனி. மானியத்தின் வேலை தனி.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி

ஆசிரியப் பணியிலோ ஆய்விலோ இருக்கும் மகள், மருமகள், மனைவி உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தாளை எடுத்து ஏழு நாளுக்கும் கட்டம் போடுங்கள். காலை எழுந்தது முதல் இரவு வரை அவருடைய நேரம் எதில் போகிறது என்று ஒரு வாரம் அவரே எழுதட்டும். மற்றவர்களும் தங்கள் நேரத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் பயிற்சியில் பாதிதான் நடந்தது. வாரக் கடைசியில் உட்கார்ந்து பாருங்கள். அவர் இல்லாமல் நடக்கக்கூடியவை எவை? வீட்டிலுள்ள வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை எவை? பணம் கொடுத்தால் வெளியாள் செய்யக்கூடியவை எவை? இந்த மூன்றாவது வரிசையின் மாதச் செலவைக் கூட்டினால் வரும் தொகைதான், அந்த வீட்டுக்குத் தேவையான சிறு மானியத்தின் அளவு. பல வீடுகளில் அது மகனின் வண்டித் தவணையைவிடக் குறைவாகவே வரும்.

விண்ணப்பம் எழுதும் சகோதரிகளுக்கும் இந்தத் தாள் உதவும். மானியம் தருபவர்கள் நீண்ட கண்ணீர்க் கதையைத் தேடுவதில்லை. எந்த வேலை எந்தத் தேதியில் நின்றது அல்லது நிற்கப்போகிறது, அது தொடர எத்தனை மணி நேர உதவி எத்தனை மாதத்துக்குத் தேவை, அதற்கு என்ன செலவு, அந்தக் காலம் முடியும்போது கையில் என்ன இருக்கும் என்று நான்கு பத்தியில் எழுதினால் போதும். "ஆய்வுக்கு உதவி வேண்டும்" என்ற விண்ணப்பம் ஓரமாகப் போய்விடும். "ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வாரம் மூன்று நாள், நீர் மாதிரிகளைச் சோதிக்க முதுநிலை மாணவி ஒருவருக்கு மதிப்பூதியம்" என்ற விண்ணப்பத்துக்குப் பதில் வரும்.

கொடுக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதற்குச் செலவழிப்பது என்பதை வாங்குபவரிடமே விட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து முடிவு சொல்லும் உதவி, பேறுகாலத்தில் இருப்பவருக்குப் பயன்படாது. தொகை எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். லண்டன் கணிதச் சங்கம், மாநாட்டுக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தை பராமரிப்புச் செலவுக்கென்று 200 பவுண்டு வரை கொடுக்கும் ஒரு சிறு ஏற்பாட்டை வைத்திருந்தது. நம் கணக்கில் அதற்கு நேரான ஒன்றைச் சொல்வதென்றால்: சென்னையில் இரண்டு நாள் கருத்தரங்கு, கட்டுரை வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது, கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. உம்மாவும் கூட வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் உம்மாவின் ரயில் டிக்கெட்டையும் தாராளமாக எழுதலாம்.